கல்லீரல் புற்றுநோயும் மரபணு ஸ்கோரும்: பொது டேட்டாவில் நோண்டிப் பார்த்தது

கல்லீரல் புற்றுநோய் டேட்டாவில் பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.001 வாங்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சில மரபணுக்களின் அளவைக் கூட்டி, நோயாளி எவ்வளவு நாள் இருப்பார் என்று கணிக்கப் போடுகிற எண்தான் மரபணு ஸ்கோர். கண்ணை மூடிக்கொண்டு இருபது மரபணுவை அள்ளி அதில் போட்டால்கூட, சீக்கிரம் இறந்தவர்கள் ஒரு கோடு, நீண்ட நாள் இருந்தவர்கள் ஒரு கோடு என்று அழகாகப் பிரிந்து நிற்கும் படம் பல நேரம் வந்துவிடுகிறது. அது ஏன், அதைத் தாண்டி உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்ததன் பதிவு இது.

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு சிப் தொழிற்சாலையில் ரிலையபிலிட்டி வேலை. பொருளைச் சூட்டில் போட்டு, ஈரத்தில் போட்டு, எது எப்போது செத்துப்போகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் பிழைப்பு. சித்தி மகள் உயிர்மருத்துவ அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு, "அண்ணா, ஆர் எரர் அடிக்குது, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று லேப்டாப்போடு வந்தாள். ஆர் என்பது புள்ளியியல் கணக்குக்கான மென்பொருள். எரர் சின்ன விஷயம்தான், பின்னால் சொல்கிறேன். ஆனால் திரையில் இருந்த கணக்கு நான் தினமும் பார்க்கிற கணக்கு. 1000 மணி நேரச் சோதனை முடிந்த பிறகும் சாகாமல் இருக்கும் சிப்பை நாங்கள் தூக்கி எறிய மாட்டோம், '1000 மணி வரை தாங்கியது, அதற்கப்புறம் தெரியாது' என்று குறித்து அதையும் கணக்கில் சேர்ப்போம். நோயாளிக் கணக்கும் அதேதான். கடைசியாக மருத்துவமனைக்கு வந்த தேதி வரை உயிரோடு இருந்தார், பிறகு தகவல் இல்லை என்பதும் ஒரு தகவல். காலம் போகப் போக எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும், 1958-இல் வந்த கப்ளான்-மேயர் படிக்கட்டுக் கோடும், எந்தக் காரணி ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று சொல்லும், 1972-இல் வந்த காக்ஸ் மாடலும் எங்கள் சோதனைக்கூடத்திலும் ஓடுகின்றன, புற்றுநோய் ஆய்விலும் ஓடுகின்றன.

சரி, டேட்டா. எல்லாம் இலவசம். பல புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுத் தகவலைத் திரட்டிய அமெரிக்காவின் டிசிஜிஏ திட்டம் கல்லீரலுக்காகத் தொகுத்ததற்கு எல்ஐஎச்சி என்று பெயர். ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு பேசுகிறது என்று காட்டும் ஆர்என்ஏ எண்ணிக்கைக் கோப்புகள் 424 இருக்கின்றன: முதன்மைக் கட்டி 371, கட்டிக்குப் பக்கத்து ஈரல் 50, திரும்பி வந்த கட்டி 3. ஒரு கோப்பு சுமார் 4 எம்பி, ஆக மொத்தம் 2 ஜிபிக்குள் அடங்கிவிடும். மூல வரிசைக் கோப்புகள் வேண்டுமென்றால்தான் அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், எண்ணிக்கைக் கோப்புகளை யாரும் நேராக இறக்கிக்கொள்ளலாம். சர்வர் எதுவும் தேவையில்லை, 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பே போதும்.

கோப்பைத் திறந்தால் 60,660 மரபணு வரிகள். அவற்றுக்கு மேலே நான்கு வரிகள் மரபணுவே இல்லை, எங்கேயும் பொருந்தாமல் போன துண்டுகளின் எண்ணிக்கை, பல இடத்தில் பொருந்தியவற்றின் எண்ணிக்கை என்று சுருக்கக் கணக்கு. அவற்றை வெட்டாமல் விட்டால் எண்கள் பெரிதாக இருப்பதால் நார்மலைஸ் செய்யும்போது (மாதிரிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும்போது) எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். புரதம் தருகிற மரபணுக்களை மட்டும் வைத்தால் சுமார் 20,000 மிஞ்சும், அதிலும் ஈரலில் வாயே திறக்காதவற்றைக் கழித்துவிடலாம். மாதிரியின் பார்கோடில் நான்காவது பகுதியைப் பாருங்கள்: 01 என்றால் முதன்மைக் கட்டி, 11 என்றால் பக்கத்து ஈரல், 02 என்றால் திரும்பி வந்த கட்டி. ஒரே நோயாளி இரண்டு முறை வராதபடி 01-ஐ மட்டும் வைத்துக்கொண்டோம்.

கணக்குக்குள் இறங்கும் முன் நான் எப்போதும் மாதிரி மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன், தொழில் பழக்கம். இங்கே அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. எக்ஸ்ஐஎஸ்டி என்ற மரபணு பெண்களிடம் மட்டும் உரக்கப் பேசும், ஆர்பிஎஸ்4ஒய்1 ஒய் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் மட்டும். இரண்டையும் எக்ஸ், ஒய் அச்சில் போட்டு, மருத்துவக் கோப்பில் எழுதியிருக்கும் பாலினத்தை நிறமாகப் போட்டால் இரண்டு கும்பலாகப் பிரிய வேண்டும். தப்பான கும்பலில் நிற்கும் புள்ளியைச் சந்தேகத்தோடு பார்க்கலாம். கட்டியில் ஒய் குரோமோசோமே தொலைந்துபோவதும் உண்டு, ஆகவே எக்ஸ்ஐஎஸ்டியும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டும்.

மருத்துவக் கோப்பில்தான் நேரம் நிறையப் போகிறது. இறந்தவர்களுக்கு ஒரு கட்டம், உயிரோடு இருப்பவர்களுக்கு வேறு கட்டம், இரண்டையும் சேர்த்து ஒரே காலக் கணக்காக்க வேண்டும். 2018-இல் டிசிஜிஏ நோயாளிகள் அனைவருக்கும் முடிவுகளைச் சரிபார்த்து ஒரே அட்டவணையாக வெளியிட்டிருக்கிறார்கள், அதை எடுத்துக்கொள்வது உத்தமம். அவளுக்கு வந்த எரர் இங்கேதான் இருந்தது. சில நோயாளிகளுக்குக் கண்காணிப்புக் காலம் பூஜ்யம் நாள் என்று பதிவாகியிருக்கிறது, லாசோ (பல மரபணுக்களிலிருந்து சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் முறை) ஓட்டுகிற ஜிஎல்எம்நெட் என்ற ஆர் பேக்கேஜ் பூஜ்யத்தையும் அதற்குக் கீழானதையும் காக்ஸ் கணக்கில் ஏற்காது, முகத்தில் அடித்தாற்போல் நின்றுவிடும். அந்த வரிகளை நீக்கினால் தீர்ந்தது.

நீக்கிய பிறகு மிச்சம் இருப்பதை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன். இறப்புகள் சுமார் 130. பாதிப் பேருக்குக் கண்காணிப்பு இரண்டு ஆண்டைக்கூடத் தாண்டவில்லை. நான்காம் நிலை நோயாளிகள் வெறும் 5 பேர், ஏனென்றால் இது அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்த கட்டிகளின் தொகுப்பு, முற்றிப்போனவர்களைப் பெரும்பாலும் அறுவை மேசைக்கே கொண்டுபோவதில்லை. ஆக, 130 இறப்பை வைத்துக்கொண்டு 20,000 மரபணுவில் எது காரணம் என்று கேட்கிறோம். தொழிற்சாலையில் 130 ஃபெயிலியரைக் காட்டி 20,000 சந்தேகக் காரணங்களைப் பட்டியல் போட்டால் என் மேனேஜர் என்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

அவளிடம் இருந்த செய்முறை எங்கேயும் கிடைக்கிற செய்முறைதான். ஏதாவது ஒரு தலைப்பில் மரபணுப் பட்டியல் எடு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காக்ஸில் போடு, தேறியவற்றை லாசோவில் போடு, பத்துப் பன்னிரண்டு மிஞ்சும், அவற்றின் எடைகளைக் கூட்டி ஸ்கோர் போடு, நடுவில் வெட்டி இரண்டு கோடு வரை. தலைப்புதான் சீசனுக்குச் சீசன் மாறும். இரும்பால் செல் சாகும் ஃபெரோப்டோசிஸ் 2012-இல் பெயர் பெற்றது, தாமிரத்தால் சாகும் குப்ரோப்டோசிஸ் 2022 மார்ச்சில் பெயர் பெற்றது, பெயர் வைத்த ஈரம் காய்வதற்குள் கல்லீரல் புற்றுநோய்க்குக் குப்ரோப்டோசிஸ் ஸ்கோர் என்று கட்டுரைகள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாமே வேலை செய்தன என்பதுதான் எனக்கு உறுத்தியது. இரும்பும் வேலை செய்கிறது, தாமிரமும் வேலை செய்கிறது, தன்னையே தின்னும் செல்லும் வேலை செய்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது.

2011-இல் வெனே, டுமோன், டெட்டூர் என்ற மூவர் மார்பகப் புற்றுநோயில் இதே கேள்வியைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். குலுக்கி எடுத்த மரபணுத் தொகுப்புகளில் பெரும்பாலானவை நோயாளியின் முடிவோடு தொடர்பு காட்டின என்பது அவர்கள் கண்டது. புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஆய்வுகளிலிருந்து எடுத்த தொகுப்புகளும் தேறிவிட்டன. காரணத்தையும் காட்டியிருந்தார்கள்: செல் பெருகும் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிற மரபணுக்கள் மரபணுத்தொகை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன, எங்கே கைவிட்டு அள்ளினாலும் அவற்றில் சில வந்துவிடும்.

அதையே கல்லீரலில் செய்தோம். வெளிப்பாடு போதுமான அளவில் உள்ள மரபணுக்களிலிருந்து அவள் பட்டியலில் இருந்த அதே எண்ணிக்கையில் குலுக்கி எடு, முதல் பிரின்சிபல் காம்பொனென்ட்டை (அந்த மரபணுக்கள் சேர்ந்து ஏறி இறங்குவதைச் சுருக்கிச் சொல்லும் ஒரே எண்ணை) கண்டுபிடி, நடுமதிப்பான மீடியனில் வெட்டு, காக்ஸில் போட்டுப் பி-மதிப்பை எழுதி வை. இதை 1000 தடவை. கோட் முப்பது வரிகூட வராது. ஓட விட்டுவிட்டு ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் கட்டிக்கொண்டு வருவதற்குள் முடிந்திருந்தது. சும்மா குலுக்கினால் 100-க்கு 5 தொகுப்புதான் 0.05-க்குக் கீழே போக வேண்டும். போனவை அதைவிட எத்தனையோ மடங்கு. அவள் பட்டியலின் பி-மதிப்பு அந்தக் கும்பலில் எங்கே நிற்கிறது என்று ஒரு செங்குத்துக் கோடு போட்டேன். நல்ல இடத்தில்தான் நின்றது, ஆனால் பெருமை அடித்துக்கொள்ளும் தூரத்தில் இல்லை. அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "அப்ப நான் இத்தனை நாள் செஞ்சது குலுக்கல்தானா அண்ணா?" என்றாள். குலுக்கல் இல்லைமா, ஆனால் எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறிவிட்டது என்றேன். பூஜ்யத்தைத் தாண்டினால் போதாது, குலுக்கி எடுத்ததைத் தாண்ட வேண்டும்.

அப்புறம் அந்தப் பொதுவான சத்து என்ன என்று பார்த்தோம். எம்கேஐ67, டாப்2ஏ, சிடிகே1, சிசிஎன்பி1 போன்ற செல் பெருக்க மரபணுக்களின் சராசரியை ஒரு பக்கம் வைத்தோம். ஏஎல்பி, சிவைபி2சி9, சிபிஎஸ்1 போன்றவை ஈரல் செல் தன் வேலையைச் செய்யும்போது பேசுகிற மரபணுக்கள்: ஆல்புமின் தயாரிப்பது, மருந்தை உடைப்பது, அம்மோனியாவை யூரியா ஆக்குகிற பாதை. அவற்றின் சராசரியை இன்னொரு பக்கம் வைத்தோம். கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, கட்டிக்குள் இன்னும் எவ்வளவு ஈரல்தனம் மிச்சம் இருக்கிறது, இந்த இரண்டு எண்ணையும் காக்ஸ் மாடலில் முதலிலேயே சேர்த்துவிட்டால் குலுக்கல் தொகுப்புகளில் பெரும்பாலானவை வாலைச் சுருட்டிக்கொண்டன. அவள் ஸ்கோரிலும் பாதிக்கு மேல் காற்று இறங்கிவிட்டது. அதனால் ஸ்கோர் பொய் என்று ஆகாது. வேகமாகப் பெருகும் கட்டி மோசமான கட்டி என்பது உண்மைதான், நோய்க்கூறு நிபுணர் மைக்ராஸ்கோப்பில் கிரேடு போடும்போது ஓரளவு அதையும்தான் பார்க்கிறார். இரும்பு, தாமிரம் என்று கதை கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

லாசோ எடுத்துக் கொடுக்கும் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளிகளை மறுபடி மறுபடி குலுக்கி எடுத்து ஒவ்வொரு தடவையும் லாசோ ஓட்டினால், ஒவ்வொரு தடவையும் வேறு பட்டியல். பத்து மரபணுக்கள் ஒன்றுக்கொன்று சேர்ந்தே ஏறி இறங்கினால் லாசோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும், எதைப் பிடிக்கும் என்பது யார் டேட்டாவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ரேண்டம் சீடை (குலுக்கலின் தொடக்க எண்ணை) மாற்றினாலே மடிப்புகள் (சோதித்துப் பார்க்க நோயாளிகளைப் பிரிக்கும் பகுதிகள்) மாறி, அபராத அளவு (மரபணுக்களை எவ்வளவு கறாராகக் கழிப்பது என்ற அளவு) மாறி, பட்டியலும் மாறுகிறது. மரபணு மாறினாலும் ஸ்கோரின் தரம் அதிகம் மாறவில்லை, அதுவே ஒரு குறிப்பு. ஆகவே 'இந்த 12 மரபணுதான் காரணம்' என்று எழுதுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சேர்ந்து ஏறி இறங்குகிறவற்றைச் சேர்த்தே வைக்கப் பார்க்கும் எலாஸ்டிக் நெட் முறை கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்கிறது, பட்டியல் நீளமாக வரும், படம் வரையும்போது அழகாக இருக்காது, பரவாயில்லை.

அடுத்தது கசிவு. முதலில் 371 பேரையும் வைத்து நல்ல மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் பயிற்சி, சோதனை என்று பிரித்தால் சோதனையில் இருப்பவர்களின் விடை ஏற்கெனவே தேர்வுக்குள் புகுந்துவிட்டது. அம்புரோயிஸ், மெக்லாக்லன் இருவரும் 2002-லேயே மைக்ரோஅரே (மரபணுவை அளக்கும் பழைய வகைச் சிப்) காலத்தில் இதைச் சொல்லிவிட்டார்கள், இன்றைக்கும் பாதிச் செய்முறைகள் இப்படித்தான் ஓடுகின்றன. மரபணுத் தேர்வு, அளவுமாற்றம், அபராத அளவு எல்லாமே ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புதிதாக நடக்க வேண்டும். இன்னொரு கசிவு வெட்டுமிடம். எங்கே வெட்டினால் பி-மதிப்பு மிகக் குறைவோ அங்கே வெட்டித் தருகிற ஃபங்ஷன் ஒன்று ஆரில் இருக்கிறது, பலரும் அதைப் போட்டுவிட்டு அந்தப் பி-மதிப்பையே பெருமையாக எழுதுகிறார்கள். ரிசல்ட் வந்த பிறகு ஸ்பெக் எல்லையை நகர்த்துவது என் வேலையில் ஆடிட்டரிடம் மாட்டினால் சும்மா விடமாட்டார்கள். எனவே வெட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தோம், ஸ்கோரைத் தொடர் எண்ணாகவே வைத்து சி-இண்டெக்ஸ் பார்த்தோம். இரண்டு நோயாளிகளை எடுத்தால், முதலில் இறந்தவருக்கு ஸ்கோர் அதிகமாக இருந்ததா என்ற கேள்விதான் அது. 0.5 என்றால் பூவா தலையா, 1 என்றால் ஜோசியர்.

கசிவை அடைத்ததும் எண் இறங்கியது. வெளி டேட்டாவுக்குப் போனபோது இன்னும் இறங்கியது, ஆனால் 0.5-க்குப் போய் ஒட்டவில்லை. அதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளி டேட்டா என்று நாங்கள் எடுத்தது மரபணு டேட்டாவைப் பொதுவில் வைக்கும் ஜியோ தளத்தில் இருக்கும் ஜிஎஸ்இ14520 என்ற தொகுப்பு. ஜப்பானிய நோயாளிகளின் தொகுப்பு ஒன்றும் எல்லாரும் பயன்படுத்துவதுதான், ஆனால் அது இருந்த பழைய ஐசிஜிசி (பல நாடுகள் சேர்ந்த புற்றுநோய் மரபணுத் திட்டம்) தளம் 2024-இல் மூடப்பட்டுவிட்டதால் பழைய சுட்டிகளை வைத்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். ஜிஎஸ்இ14520 சீன நோயாளிகள், இருநூறுக்கு மேற்பட்ட கட்டிகள், ஏறக்குறைய எல்லாருக்கும் ஹெப்படைடிஸ் பி. உயிர்வாழ்வுத் தகவல் மேட்ரிக்ஸ் கோப்பில் இருக்காது, தனித் துணைக் கோப்பாக இருக்கும், அதைத் தேடி எடுங்கள். காலம் அங்கே மாதத்தில், டிசிஜிஏவில் நாளில்.

இங்கே கையைக் கடித்தவை மூன்று. இது ஆர்என்ஏ எண்ணிக்கை இல்லை, அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் பழைய மைக்ரோஅரே சிப், அளவுகோலே வேறு. டிசிஜிஏவில் கற்ற எடைகளை அப்படியே போட்டால் அர்த்தமில்லாத எண் வரும், அதனால் ஒவ்வொரு தொகுப்புக்குள்ளும் மரபணு வாரியாக இசட்-ஸ்கோர் (அந்தக் கும்பலின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற எண்) எடுத்த பிறகுதான் போட்டோம். அப்படிச் செய்வதால் ஒரு தனி நோயாளி நாளைக்கு வந்து நின்றால் அவருக்கு ஸ்கோர் போட முடியாது என்பதையும் மனதில் வையுங்கள், கூட ஒரு கும்பல் வேண்டும். இரண்டாவது, டிசிஜிஏவில் உள்ள எல்லா மரபணுவும் அந்தச் சிப்பில் இல்லை, சிலவற்றுக்கு மூன்று நான்கு புரோப் (மரபணுவை அளக்கும் புள்ளி) இருக்கும், எது உண்மை பேசுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பெயர். எஸ்இபிடி2 என்ற மரபணுவை எக்செல் செப்டம்பர் 2 என்று மாற்றிவிடுகிற தொல்லையால் 2020-இல் அந்தக் குடும்பத்துக்கே பெயரை மாற்றிவிட்டார்கள், சிப்பின் குறிப்பில் பழைய பெயர், டிசிஜிஏவில் புதுப் பெயர். 2013-இல் நோல் குழு வெளியிட்ட ஐந்து மரபணு ஸ்கோரை ஒப்பிடலாம் என்று எடுத்தோம், டிஏஎஃப்9, ஆர்ஏஎம்பி3, கேஆர்டி19, ஆர்ஏஎன் நான்கும் கிடைத்தன, எச்என்1 கிடைக்கவில்லை. அதன் இன்றைய பெயர் ஜேபிடி1. பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள், ஒவ்வொரு மரபணுவுக்கும் கொடுத்திருக்கும் என்ட்ரெஸ் அடையாள எண்ணை வைத்துப் பொருத்துங்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி. நோயாளியின் கையில் ஏற்கெனவே இருக்கும் மலிவான தகவலுக்கு மேல் இந்த ஸ்கோர் என்ன கூட்டுகிறது? ஏஎல்பிஐ என்று ஒரு கணக்கு இருக்கிறது, 2015-இல் வந்தது. பிலிருபினை லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் என்று எடுத்து அதன் (10 அடிப்படை) லாக்கை 0.66-ஆல் பெருக்கு, ஆல்புமினை லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எடுத்து 0.085-ஆல் பெருக்கிக் கழி, அவ்வளவுதான். இரண்டு ரத்தச் சோதனை, எந்தக் கிளினிக்கிலும் எடுப்பார்கள். ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அது சொல்லும், நோய் எந்த நிலை என்பது கட்டியைப் பற்றிச் சொல்லும். இந்த இரண்டும் உள்ள மாடலில் மரபணு ஸ்கோரைச் சேர்த்தால் சி-இண்டெக்ஸ் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். டிசிஜிஏ மருத்துவக் கோப்பில் ஆல்புமின், பிலிருபின் எல்லாம் இருக்கிறது, ஆனால் பலருக்குக் காலி, இருப்பதிலும் அலகு ஒரே மாதிரி இல்லை. பக்கத்துக் கட்டத்தில் அந்தந்த ஆய்வகத்தின் கீழ் எல்லை, மேல் எல்லை இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எந்த அலகு என்று பிடிக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு பத்தியின் வேலைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் போனது, பலனும் இதில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

கல்லீரலுக்கு என்று ஒரு தனிக்குணம் இருக்கிறது, மற்ற புற்றுநோய்களின் செய்முறையை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். இங்கே பெரும்பாலும் நோயாளிக்கு இரண்டு நோய். ஒன்று கட்டி, மற்றொன்று அந்தக் கட்டி வளர்ந்த கெட்டுப்போன ஈரல், ஹெப்படைடிஸ் பி, சி, குடி, கொழுப்பு என்று ஏதோ ஒன்றால் தழும்பேறி சிரோசிஸ் ஆன ஈரல். வெட்டி எடுத்த பிறகு இரண்டு ஆண்டுக்குள் திரும்பி வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் மிச்சம், அதற்கப்புறம் வருவது கெட்ட ஈரலில் புதிதாக முளைக்கும் கட்டியாக இருக்கலாம். 2008-இல் ஹோஷிடா குழு பாராஃபினில் பதித்து வைத்திருந்த பழைய திசுக்களை எடுத்துப் பார்த்தது. கட்டியின் மரபணு வெளிப்பாட்டில் உயிர்வாழ்வோடு தொடர்பு கிடைக்கவில்லை, சுற்றியிருந்த ஈரலின் வெளிப்பாட்டில்தான் கிடைத்தது. 186 மரபணுக்கள், 82 ஜப்பானிய நோயாளிகளிடம் கற்றது, அமெரிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த 225 பேரிடம் சரிபார்த்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இணையத்தில் கிடைக்கிற செய்முறைகள் பக்கத்து ஈரலை 'நார்மல்' என்று பெயர் போட்டு, கட்டியோடு கழித்துப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. அது நார்மல் இல்லை, அதுவும் நோயாளிதான்.

டிசிஜிஏவில் பக்கத்து ஈரல் 50 பேருக்குத்தான் இருக்கிறது, அதில் இறப்புகள் இன்னும் குறைவு, ஒன்றும் செய்ய முடியாது. ஜிஎஸ்இ14520-இல் பெரும்பாலோருக்குக் கட்டியும் சுற்றியுள்ள ஈரலும் ஜோடியாக இருக்கின்றன, மறுபடி கட்டி வந்த மாதமும் தனிக் கட்டத்தில் இருக்கிறது. அவள் ப்ராஜெக்டின் இரண்டாம் பாதியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். சூப்பர்வைசரும் ஒத்துக்கொண்டார். இரண்டு ஆண்டை எல்லையாக வைத்து, முன்னால் வந்ததற்குக் கட்டியின் ஸ்கோர், பின்னால் வந்ததற்குச் சுற்றியுள்ள ஈரலின் ஸ்கோர் என்று தனித்தனி மாடலாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பின்னால் வந்தவர்களைக் கணக்கிடும்போது, இரண்டு ஆண்டு வரை கட்டி வராமல் இருந்தவர்களை மட்டும் வைத்து, காலத்தை அங்கிருந்து தொடங்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் வந்தவர்களின் சத்தம் இதற்குள் நுழைந்துவிடும்.

"இதெல்லாம் நம்ம ஊர் ஆளுங்களுக்குப் பொருந்துமா?" என்று சித்தி சமையலறையிலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. எல்ஐஎச்சி தொகுப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஆசியர் என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் ஆசியர் என்ற ஒரே கட்டம்தான், அதற்குள் தமிழர் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்க்க வழியில்லை. மலேசியாவில் பிறந்த குழந்தைக்கு ஹெப்படைடிஸ் பி ஊசி 1989 முதல் போடுகிறார்கள், ஆகவே அந்த வைரஸால் வருகிற கட்டி அடுத்த தலைமுறையில் குறையும். நம்மவர்களிடம் நீரிழிவும் தொப்பையும் அதிகம், கொழுப்பு ஈரலிலிருந்து வருகிற கட்டிதான் எங்கள் வீட்டுக் கவலை. அந்த வகைக்கு, ஏறக்குறைய முழுக்க ஹெப்படைடிஸ் பி நோயாளிகளிடம் சரிபார்த்த ஸ்கோர் என்ன சொல்லும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. அறுவை சிகிச்சை வரை போனவர்களின் டேட்டா என்பதையும் மறக்கக் கூடாது, காமாலை முற்றி, வயிற்றில் நீர் கோத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு வெட்டி எடுத்த கட்டியே இருக்காது, ஸ்கோர் எங்கே போடுவது. இதைச் சித்தியிடம் சுருக்கமாக, "இப்போதைக்குப் பொருந்தாது சித்தி, சித்தப்பாவை ஈரல் ஸ்கேனுக்கு அனுப்புங்க, அது போதும்" என்றேன்.

யாராவது இதைத் திரும்பச் செய்வதென்றால், டேட்டா எந்த வெளியீடு என்று முதல் வரியிலேயே குறித்து வையுங்கள். 2022 மார்ச்சில் டிசிஜிஏ டேட்டாவை வைத்திருக்கும் ஜிடிசி தளம், எச்டிசீக் என்ற மென்பொருள் தந்த பழைய எண்ணிக்கைகளை எடுத்துவிட்டு ஸ்டார் என்ற மென்பொருளின் எண்ணிக்கைகளுக்கு மாறியது, மரபணுக் குறிப்பும் ஜென்கோட் பட்டியலின் 36-ஆம் பதிப்புக்குப் போனது. அதற்கு முன் எழுதிய கோட் பாதி இப்போது ஓடாது, ஓடினாலும் மரபணு எண்ணிக்கை ஒத்துவராது. ஒவ்வொரு கோப்பிலும் எண்ணிக்கைக் கட்டங்கள் பல இருக்கும், எண்ணிக்கைகளை ஒப்பிடும் டெஸீக்2 என்ற ஆர் பேக்கேஜுக்கு முதல் கட்டமான அன்ஸ்ட்ராண்டட் எண்ணிக்கையைக் கொடுங்கள், ஏற்கெனவே நார்மலைஸ் செய்த டிபிஎம் கட்டத்தைக் கொடுத்தால் அது முழு எண் இல்லை என்று திட்டும். கோப்பில் மரபணுவுக்கு இருக்கும் என்செம்பிள் அடையாள எண்ணின் வாலில் புள்ளிக்குப் பிறகு வருகிற வெர்ஷனை வெட்டிவிடுங்கள். சீடையும் ஆர் பேக்கேஜ் பதிப்புகளையும் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள், லாசோ பட்டியல் மாறும்போது யாரைத் திட்டுவது என்றாவது தெரியும்.